இடது காதின் கீழோரம்

போன மாசம் கோவில்பட்டியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலைக்காரி, எதிர்வரிசையில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருந்த என் அத்தையைக் கண்ணால் காட்டி, "பாவம், என்ன சொகத்தக் கண்டா" என்றாள். நான் அப்பளத்தை நொறுக்கிய சத்தத்தில் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

பாவமாம். இந்தச் சொல்லோடு எனக்குப் பல வருசத்துச் சண்டை. முழுப் பரீட்சை லீவுக்கு மூட்டை கட்டி எந்தெந்த ஊருக்கோ அனுப்பப்பட்ட என் வயசுக்காரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். நீங்கள் போன வீடுகளில் பம்புசெட்டுக் குளியலும் மாங்காயும் இருந்திருக்கும். ஆறாம் வகுப்பு லீவுக்கு என்னை அனுப்பிய வீட்டில் ஒரு சாவு இருந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. புதூர்ப் பக்கம் ஒரு கரிசல் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை இல்லை, ஆடுகள் இருந்தன. வெள்ளைத் தோலில் செம்பொட்டு தெறித்த பொட்டாடுகள். மாமா அவற்றை ஊர் ஊராக ஓட்டிப் போவார். அறுப்பு முடிந்த காடுகளில் உரத்துக்காக இரவில் கிடை அடைப்பார். அந்தப் பங்குனியில் அப்படி ஒரு கிடையில் படுத்தவர்தான். விடியுமுன்னே அவருடைய பட்டன் போனில் அலாரம் அடித்திருக்கிறது. அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த ஆள், "அண்ணாச்சி, அத அமத்தும்" என்று இரண்டு தடவை திட்டிவிட்டு, அப்புறம்தான் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

என்னை பஸ் ஏற்றும்போது அம்மா ரகசியமாகச் சொன்னது இதுதான்: அத்தை எங்கே போனாலும் கூடவே போ, கிணத்துப் பக்கம் போனால் கையைப் பிடித்துக்கொள், தனியாக மட்டும் விடாதே. நான் அதைக் கண்ணாமூச்சி மாதிரி ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். பெரியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அத்தைக்கோ நான் போன அன்றே புரிந்துவிட்டது. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவளின் சேலை முந்தியை நான் பிடித்துக்கொண்டே நடந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"என்னையக் காவல் காக்க வந்தியாட்டி?"

"துணைக்கு, அத்த."

"துணைக்கு வந்தவ இப்படியா தாலாட்டுப் பிள்ளையாட்டம் தொங்குவா. முந்திய விடு, கிழிஞ்சிரும்."

கையில் கொண்டுபோன காரச்சேவுப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கி உறியில் வைத்தாள். மூன்று நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்த வீட்டுச் சட்டங்கள் எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. வருசம் திரும்புகிற வரைக்கும் அத்தை தெருவில் இறங்கக்கூடாது. உள்வீட்டு மூலையில் பாய் போட்டு உட்கார வேண்டும். தொழுவும் கிணறும் வீட்டுக்குப் பின்னால், அதுவரைக்கும் போகலாம். சாவு விசாரிக்க, துட்டி கேட்க வருகிற பெண்கள் வாசலில் செருப்பை விடும்போதே குரலெடுத்து அழுதுகொண்டு வருவார்கள். அத்தை எழுந்து அவர்களைக் கட்டிக்கொண்டு கூடவே அழ வேண்டும். வெயிலில் வந்த வேர்வையும் வெற்றிலை வாசமுமாக அந்த அறையே புழுங்கும். அழுகை முடிந்த கையோடு மூக்கைச் சிந்திவிட்டு, புதூரில் கத்தரிக்காய் என்ன விலை என்று பேச ஆரம்பிப்பார்கள்.

அத்தை கட்டிக்கொள்வாள். அழமாட்டாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் வராது. வந்தவர்கள் திரும்பிப் போகும்போது வேலியோரம் நின்று பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும். கல்நெஞ்சு என்றாள் ஒருத்தி. பித்துப் பிடித்திருக்கிறது, நாகலாபுரத்தில் யாரிடமோ கயிறு மந்திரிக்கலாம் என்றாள் இன்னொருத்தி. சாவு வீட்டில் இந்தப் பிள்ளை இப்படி வாயாடுகிறதே என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் வாயாடினேன்தான். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னேன். சூரியனிலிருந்து வெளிச்சம் வரும் நேரம், தவளையின் இதயத்தில் எத்தனை அறை, எங்கள் வகுப்பு டீச்சரின் சவுரி. மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள், "வாய் ஓயுதா ஒனக்கு, அந்தச் சேவ எடு" என்றாள். பழைய சோற்றில் காரச்சேவை நொறுக்கிப் போட்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். அது இழவு வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் விருந்து.

மாமாவின் போன் மாடக்குழியில் இருந்தது. தினமும் விடியுமுன்னே அலாரம் அடிக்கும். சேவல் கூவுகிற மாதிரி ஒரு சத்தம். அதை நிறுத்த எனக்குத் தெரியும். இரண்டு பட்டனை அமுக்கினால் போதும். நான் கையை நீட்டியபோது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடிக்கட்டும் விடு. யாராவது எந்திரிக்கணும்லா."

எழுந்து போய், தாய்கள் மேயப் போகுமுன் பால் குடிக்கட்டும் என்று அவள் திறந்துவிடுவது தொழுவின் ஓரத்தில் இருந்த குட்டிக்கூட்டை. மெல்லிய குச்சி விளாறால் பின்னிய ஆளுயரக் கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். பால்குடி மறக்காத குட்டிகளால் காடுமேடெல்லாம் நடக்க முடியாது. தாய்கள் மேய்ச்சலுக்குப் போனால் குட்டிகள் பகலெல்லாம் அதற்குள்தான். மாமா போனபின் கிடையை எடுத்துவிட்டு, மாமாவின் தம்பி ஆடுகளைப் பகலில் மட்டும் மேய்த்து, சாயங்காலம் அத்தையின் தொழுவில் கொண்டுவந்து அடைத்தார். அவரைச் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அண்ணனைத் தூக்கும்போது அந்த ஊரிலேயே அதிகம் அழுதவர் அவர்தான்.

பொழுது சாய்கிற நேரம்தான் அந்த வீட்டில் எனக்குப் பிடித்த நேரம். தெருமுனையில் புழுதி கிளம்பும்போதே குட்டிகள் கூட்டுக்குள் குதிக்க ஆரம்பிக்கும். மடி கனத்த தாய்கள் ஓடிவரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் கத்தும். அத்தனை இரைச்சலிலும் ஒவ்வொரு குட்டியும் தன் தாயின் குரலுக்கு மட்டும் பாயும். தாயைத் தவறவிட்ட குட்டியை அத்தை தூக்கிச் சரியான மடியில் விடுவாள். பால் நுரையும் புழுக்கையும் சூடான மண்ணும் கலந்த வாசம். குட்டிகளுக்கு நான் பாடங்களின் பெயர் வைத்திருந்தேன். முரட்டுக் கிடாய்க்குட்டி கணக்கு. எந்நேரமும் தூங்குவது சமூக அறிவியல். அதுதான் என் செல்லம்.

ஒரு கேள்வி எனக்கு அப்போதே வந்தது. துட்டிக்கு வந்த ஒரு பெண், தாலி அறுத்த கை, நல்ல காரியம் எதிலும் படக்கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னாள். அப்படியென்றால் இந்தக் குட்டிகளை ஏன் அத்தையிடம் விட்டிருக்கிறார்கள்? காரணம் எளிது. குட்டி பார்ப்பது பொம்பளை வேலை. அதை வேலை என்றே யாரும் நினைக்கவில்லை. சின்ன மாமாவும் அப்பாவும் செய்த பெரிய தப்பு அதுதான். குட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் தாய் வந்து நிற்கும். அந்தச் சாதாரண விசயம் ஆட்டுக்காரர்களுக்கே மறந்துபோனது.

சித்திரை கடைசியில் அப்பா வந்தார். சின்ன மாமாவும் அவரும் முன்வாசலில் கட்டிலைப் போட்டுப் பேசினார்கள். அத்தை உள்ளே மூலையில், நான் நிலைப்படியில். பேச்சு முழுக்கக் காது வெட்டைப் பற்றி.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டுக்காரக் குடும்பத்துக்கும் ஒரு வெட்டு உண்டு. குட்டி கொஞ்சம் தேறியதும் வீட்டு ஆம்பளை காதில் அடையாளம் வெட்டுவார். தேங்காய் உடைத்துத்தான் செய்வார்கள். மாமாவின் வெட்டு இடது காது நுனியில். தம்பியின் வெட்டு வலது காது நுனியில். வெட்டினால் வெட்டினதுதான். ஒருத்தர் வெட்டின காதில் இன்னொருத்தர் கத்தி வைத்தால் அவனுக்குக் களவாணி என்று பேர். அவனோடு யாரும் ஆட்டை மந்தை சேர்க்கமாட்டார்கள். ஆண்பிள்ளை இல்லாமல் ஒருவர் செத்துப்போனால் அவர் வெட்டு அண்ணன் தம்பிக்குச் சேரும். ஆகவே வளர்ந்த ஆடுகள் ஏற்கெனவே சின்ன மாமாவுக்கு ஆகிவிட்டன. மிச்சம் இருந்தது மாமா வெட்டாமல் விட்டுப்போன குட்டிகள்தான். வருகிற வெள்ளிக்கிழமை அவற்றுக்கும் தன் வெட்டைப் போட்டு, வியாபாரியை வரச்சொல்லி, தாயும் குட்டியுமாக ஏற்றிவிடலாம் என்றார் சின்ன மாமா. மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது; இரண்டு மந்தையைத் தனியாளாக மேய்க்கவும் அவரால் முடியவில்லை.

அப்பா தலையாட்டினார். அக்காவுக்கு எதற்கு இந்தப் பாரம், கோவில்பட்டிக்கு வந்து எங்களோடு இருக்கட்டும், அடுப்படியில் நிழலாக இருந்துகொள்ளலாம் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நல்ல எண்ணத்தில் எத்தனை அநியாயம் நடக்கிறது என்று இப்போது தெரிகிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவளிடம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அத்தை என்னிடம், "ஏட்டி, கோவில்பட்டி வீட்டு அடுப்படியில வெளிச்சம் உண்டா?" என்று கேட்டாள். ஒரு டியூப் லைட் உண்டு, சிமிட்டும் என்றேன். சிரித்தாள். மாமா போனபின் நான் பார்த்த முதல் சிரிப்பு அது, நல்ல சிரிப்பு இல்லை.

மறுநாள் அலாரம் அடித்தது. அத்தை எழுந்தாள். மாடத்திலிருந்து போனையும் அதற்குப் பின்னால் இருந்த மாமாவின் பேனாக்கத்தியையும் எடுத்தாள். மஞ்சளையும் சாம்பலையும் ஒரு சிரட்டையில் குழைத்தாள். கிழக்கு வெளுத்ததும் குட்டிக்கூட்டுப் பக்கம் போய், "ஒவ்வொண்ணாப் பிடிச்சு முழங்காலுக்கு நடுவுல வச்சு அமுக்கு. பயப்படாத" என்றாள்.

எனக்குப் பயம்தான். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதே. "காதுல குருத்தெலும்புதான் அத்த, சீக்கிரம் ஆறிடும்" என்றேன்.

முதலில் கையில் சிக்கியது சமூக அறிவியல். அத்தை அதன் இடது காதை இரண்டு விரலால் நீவி, நுனியைப் பிடித்து, மாமாவின் வெட்டை வெட்டினாள். ஒரு நறுக்கு. குட்டி ஒருதடவை கத்தியது. சிவப்பாக ஒரு துளி. மஞ்சளை அப்பினாள். அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குட்டியின் முதுகில் நெற்றியை வைத்தாள்.

அவள் அழுததற்குச் சத்தமே இல்லை. குட்டிதான் ஆடியது. துட்டிக்கு வந்தவர்களின் அழுகையைக் கேட்டுக் கேட்டு, அழுகை என்றால் பாட்டு மாதிரி ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் குட்டியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது. வெகுநேரம் கழித்து நிமிர்ந்து முந்தியால் முகத்தைத் துடைத்தாள்.

"அழுதேன்னு அவளுககிட்டச் சொல்லாத. அந்தச் சந்தோசம் அவளுகளுக்குக் கெடைக்கப்பிடாது."

அடுத்த குட்டியைப் பிடித்தேன். கத்தியை நுனிக்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். "இந்த வெட்டு வச்சா அவியளுக்கு இல்ல, தம்பிக்குப் போவும்" என்றாள், எனக்கா தனக்கா என்று தெரியாமல்.

"அப்ப வேற வெட்டு வை, அத்த."

"பொம்பளைக்கு ஏதுட்டி வெட்டு?"

நான் சும்மா இருப்பேனா. கோவில்பட்டியிலிருந்து கொண்டுபோன ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸை எடுத்துவந்து தரையில் காது காதாக வரைந்தேன். நடுவில் முக்கோணம். மேலே அரைவட்டம். ஒன்றில் நட்சத்திரம்கூட முயன்று பார்த்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "இது காதா, அப்பளமா" என்றாள். பிறகு ஏதோ நினைத்தவளாகக் கையைத் தன் முக்காட்டுக்குள் கொண்டுபோனாள்.

அத்தையின் இடது காது அறுந்த காது. சின்ன வயசில் ஒரு குட்டி தொங்கட்டானைப் பிடித்து இழுத்ததில் கீழோரம் இரண்டாகக் கிழிந்து, அப்படியே ஆறிப்போனது. அதை மறைக்கத்தான் கல்யாணத்துக்கு முன்னிருந்தே தலைமுடியை அந்தப் பக்கம் இறக்கி வாருவாள். மாமா மட்டும் கேலி செய்வார். "ஒங்க அத்தைய நான் காது வெட்டல பிள்ள, வெட்டுப் போட்டுத்தான் வந்தா. யாரு மந்தைன்னு இன்னும் துப்புத் துலங்கல" என்பார். அத்தை அவர் மேல் எதையாவது எறிவாள்.

அந்தக் கிழிசலை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கத்தியைக் குட்டியின் காதில் வைத்தாள். இடது காது, கீழோரம், ஒரே கீறல். அடுத்ததற்கும் அதே. அதற்கடுத்ததற்கும். கணக்கு என்னை உதைத்துத் தள்ளிவிட்டு இரண்டு தடவை ஓடியது, பிடித்துவந்தேன். வெயில் ஏறுமுன்னே முடித்தோம். தேங்காய் இல்லை. அத்தை உறியிலிருந்த காரச்சேவில் ஒரு பிடி எடுத்துத் தொழுவத்துச் சாமிக்கு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை லோடு ஆட்டோ வந்து நின்றது. சின்ன மாமா, அப்பா, ஆட்டு வியாபாரி பாய், வேடிக்கைக்கு நாலைந்து பேர். பாய் மாமாவோடு பல வருசம் பழகியவர். சின்ன மாமா குட்டிக்கூட்டைத் தெருவுக்குத் தூக்கிவந்து குட்டிகளை அதில் அடைத்தார்; கைக்கு வந்ததைப் பிடித்துக் காதைத் திருப்பினார். கீழே விட்டார். இன்னொன்றைப் பிடித்தார். காயம் காய்ந்து மஞ்சள் பொருக்குத் தட்டியிருந்தது.

"எவன் வச்ச வெட்டு இது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன். பாய் குனிந்து இரண்டு மூன்று காதுகளைப் பார்த்தார். இந்த வெட்டை இந்த வட்டாரத்தில் பார்த்ததில்லை, வெட்டுக்காரர் சொல்லாமல் குட்டியை ஏற்றமாட்டேன், பால்குடிக் குட்டியை விட்டுத் தாயையும் ஏற்றமாட்டேன், அது பாவம் என்றார். பிறகு தெருவில் நின்றபடியே உள்வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, மரியாதையாகக் கேட்டார்.

"மதினி, இது யாரு வெட்டு?"

அந்த லீவில் அத்தையிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். அவள் மூலையிலிருந்து எழுந்தாள். நிலைப்படியைத் தாண்டினாள். முன்வாசலைத் தாண்டினாள். வேலியோரப் பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். தெருவில், வெயிலில், லோடு ஆட்டோவுக்கு முன்னால் நின்று முக்காட்டை எடுத்தாள். தலைமுடியை ஒதுக்கி, இடது காதைத் திருப்பிக் காட்டினாள்.

பாய்க்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். சின்ன மாமாவுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"மதினி, பொம்பள வெட்டு ஊருல உண்டுமா?"

"இன்னைலருந்து உண்டு. வேணும்னா மறு வெட்டு வச்சுப் பாரு."

அவர் கத்தி இடுப்பிலேயே இருந்தது. அத்தை கூட்டுக்குள் கையை விட்டு சமூக அறிவியலைத் தூக்கினாள். இடது காது நுனியில் நறுக்கு. அதைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தாள்.

"இது ஒங்கண்ணன் வெட்டு. ஒனக்குச் சேர வேண்டியது. தாயோட ஓட்டிக்கோ. கிடாயும் மலட்டாடும் ஒனக்குத்தான். எங்குட்டிக பால்குடி மறக்கட்டும், தாய்க பேச்ச அப்பப் பேசுவோம்."

சின்ன மாமா அந்தக் காதைப் பார்த்தார். குட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தெருவில் நின்றே அழுதார். யாரும் குரலெடுக்காத துட்டி அது. என் செல்லக் குட்டி போகிறதே என்று எனக்கும் அழுகை வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மாமாவின் கம்பை எடுத்துக்கொண்டு அத்தையே ஆடுகளுக்கு முன்னால் போனாள். நான் பின்னால். காய்ந்த பருத்திக் காட்டில் வெடிப்பு கால் நுழைகிற அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. ஆடுகள் அதைத் தாண்டித் தாண்டிப் போயின. ஊர் எங்களைப் பற்றி என்னென்னவோ பேசியது. பேசிவிட்டுப் போகட்டும். ஆடி மாசம் குட்டிகள் பால் மறந்தபோது தாய்களைக் கேட்டு சின்ன மாமா வரவில்லை. வரவும் மாட்டார் என்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. மாமாவின் போன் அதற்கடுத்த வருசம் பேட்டரி உப்பிச் செத்துப்போனது. இப்போது அந்த வட்டாரத்து ஆடுகளின் காதில் எண் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை தொங்குகிறது. அத்தையின் ஆடுகளுக்கு வில்லையும் உண்டு, கீழோரக் கீறலும் உண்டு.

அவள் அழுதாள் என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதலாமா என்று போனில் கேட்டேன். அவளுகதான் பாதிப்பேர் போய்ச்சேர்ந்துட்டாளுகளே, எழுதிக்கோ என்றாள்.

முதல் சம்பளம் வாங்கியதும் நான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். அறுந்த காதை இப்போது சின்ன ஆப்பரேசனில் தைத்துவிடுகிறார்கள், ஒரு மணி நேர வேலை, தையல் போட்டால் நல்ல கம்மலாகப் போட்டுக்கொள்ளலாம், நானே கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று அத்தையிடம் ஆசையாகச் சொன்னேன். தலைமுடியை இழுத்து வாரி உச்சியில் கொண்டை போட்டிருந்தாள். காது வெளியே தெரிந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படிச்ச பிள்ளை பேசுத பேச்சா இது? தச்சுப்புட்டா ஆடு யாருதுன்னு கேக்கவனுக்கு எதக் காட்டச் சொல்லுத?"